பண்டாரவன்னியன்: ஒரு வீரனும் அவன் பூண்ட வேடங்களும்

கதைத் தலைவன் ஒருவனை ஒரு காலத்து மக்கள் விரும்பி ஏற்றுக்கொண்டபின், அடுத்த காலத்து மக்கள் அவனை அந்த முகத்தோடேயே ஏற்பதில்லை. தம் காலத்துக்கு இசைந்த வேறொரு முகத்தை அவனுக்குப் பொருத்தியே ஏற்கின்றனர். இதனை மறைக்காது வெளிப்படையாகவே செய்து காட்டிய படைப்பு ஒன்று மேனாட்டில் உண்டு. பீ.பீ.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23ஆம் நாள் ஒளிபரப்பத் தொடங்கிய 'டொக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானப் புனைவுத் தொடரில், காலத்தையும் வெளியையும் கடந்து திரியும் தலைவனாக முதலில் நடித்தவர் வில்லியம் ஹாட்னெல். 1966இல் அவருடைய உடல்நலம் குன்றிற்று. தொடரை நிறுத்திவிட மனமில்லாதவர்கள், அத்தலைவன் உடல் தளரும்போது புதிய உடல் பெறுபவன் எனக் கதைக்குள்ளேயே ஒரு விதியை அமைத்து, பற்றிக் ட்ரௌட்டன் என்னும் நடிகரை அப்பாத்திரத்தில் அமர்த்தினர். முன்னவர் சினமும் கண்டிப்பும் மிக்க முதியவர். பின்னவர் கோமாளித்தனம் கலந்த நாடோடி. 1989இல் நின்று 2005இல் மீண்டும் தொடங்கிய அத்தொடரில், 2017இல் தலைவன் தலைவியாகவே மாறினான். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இரசிகர்கள் புதியவரைப் பழையவரோடு ஒப்பிட்டு ஓயாது வாதிடுவர். அவ்வாதத்தில் ஒரு நேர்மை உண்டு. முகம் மாறியது என்பதை அவர்கள் எல்லோரும் கண்ணாரக் கண்டவர்கள்.

வரலாற்று வீரரின் நிலை இத்தகையதன்று. அங்கும் முகம் மாறுகின்றது. ஆனால் மாறியதென்று எவரும் அறிவிப்பதில்லை. புதிய முகமே என்றும் இருந்த முகமெனக் கொள்ளப்படுகின்றது. வன்னி நிலத்தின் தலைசிறந்த வீரனாகப் போற்றப்படும் பண்டாரவன்னியன் இதற்குத் தக்க சான்றாவான். ஏடுகளில் தோன்றும் பண்டாரவன்னியன், கல்லில் தோன்றும் பண்டாரவன்னியன், மேடையில் தோன்றும் பண்டாரவன்னியன், நாவலில் தோன்றும் பண்டாரவன்னியன் ஆகியோரை அருகருகே நிறுத்தி நோக்குமிடத்து, ஒருவன் மற்றவனை அடையாளங் காண்பானா என்பதே ஐயத்துக்குரியதாகின்றது.

மாங்குளத்தில் கண்டி வீதியை முல்லைத்தீவு வீதி வந்து சந்திக்கின்றது. அச்சந்தியிலிருந்து கிழக்கே செல்வோர் ஒட்டுசுட்டானையும் முள்ளியவளையையும் கடந்து முல்லைத்தீவுக் கடற்கரையை அடைவர். ஒட்டுசுட்டானை அடுத்துள்ளது கற்சிலைமடு. சந்தியிலிருந்து மேற்கே காட்டு வழியாகச் செல்வோர், வன்னிமைகளுள் முதன்மை பெற்றிருந்த பனங்காமத்தை அடைவர். பண்டாரவன்னியனின் வரலாற்றில் நிச்சயமாகச் சொல்லத்தக்க இடங்களெல்லாம் இச்சந்தியின் இரு மருங்கிலும் ஓரிரு நாள் நடைத் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. இவ்வளவு சிறிய நிலப்பரப்பில், இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் மட்டுமே வாழ்ந்த ஒருவனைப்பற்றி இத்தனை வேறுபட்ட உருவங்கள் எழுந்தமை வியப்புக்குரியது.

முதலில் ஏடுகள் காட்டும் மனிதனை நோக்குவோம். யாழ்ப்பாண அரசுக் காலத்திலிருந்தே பனங்காமம், கருநாவல்பற்று, மேல்பற்று, முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி ஆகிய பற்றுக்களை வன்னியர் எனப்பட்ட தலைவர்கள் ஆண்டுவந்தனர். போர்த்துக்கேயருக்கும் பின் ஒல்லாந்தருக்கும் அவர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்த உடன்பட்டனராயினும், செலுத்தியதைவிடச் செலுத்தாமல் விட்டதே மிகுதி. திறை நிலுவை பற்றிய முறைப்பாடு ஒல்லாந்தக் குறிப்புக்களில் திரும்பத் திரும்ப வருகின்றது. குளமும் வயலும் காடும் யானையும் தேனும் மெழுகுமே அந்நிலத்தின் செல்வம். கோட்டை கொத்தளங்களோ பொன்வேய்ந்த மாடங்களோ அங்கு இருந்ததாகக் கொள்ள இடமில்லை. காடே அவர்களுக்கு மதில். பகைவன் வரின் குடிகளோடு காட்டினுள் மறைவதும், அவன் சோர்ந்து திரும்பியபின் வெளிவருவதுமே அவர்களின் போர்முறை. 1782இல் ஒல்லாந்தர் படையெடுத்து வன்னியரின் அதிகாரத்தை முறியடித்து, நாகெல் என்னும் படை அதிகாரியைக் கொண்டு அந்நிலத்தை நேரடியாக நிருவகிக்கலாயினர். 1795இல் யாழ்ப்பாணத்தையும் முல்லைத்தீவையும் ஆங்கிலேயர் கைப்பற்றியபோது அவர்கள் கைக்கு வந்தது இவ்வாறு ஏற்கெனவே தலைமை இழந்திருந்த வன்னியே.

இவ்விடத்தில் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். 1803இல் பண்டாரவன்னியன் போரிட்டது தான் வீற்றிருந்த அரியணையைக் காப்பதற்காக அன்று. தன் முன்னோரிடமிருந்து பறிபோன உரிமையை மீட்பதற்காகும். காப்பவனின் போரும் மீட்பவனின் போரும் ஒன்றல்ல. மீட்பவன் நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டியவன். துணை தேட வேண்டியவன். சமயம் வாய்த்தபோது பாய வேண்டியவன்.

அச்சமயம் 1803இல் வாய்த்தது. அவ்வாண்டு கண்டியைக் கைப்பற்றச் சென்ற ஆங்கிலப் படை, யூன் மாதத்தில் மேஜர் டேவியின் தலைமையிலிருந்த காவற்படையோடு அழிந்தொழிந்தது. இத்தீவில் ஆங்கிலேயரின் நிலை அதற்கு முன்னோ பின்னோ அவ்வளவு தளர்ந்திருந்ததில்லை எனலாம். கண்டியரசனாக இருந்தவன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். கண்டிப் பக்கத்துத் தலைவர்களின் துணையோடு பண்டாரவன்னியன் எழுந்தான். ஆகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலக் காவலரண் அவன் வசமாயிற்று. அங்கு பொறுப்பிலிருந்த கப்டன் வொன் டிறிபேர்க் கடல் வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கினார். வன்னியனின் ஆட்கள் ஆனையிறவுவரை முன்னேறினர் என்பதை, வன்னி மாவட்டங்கள் பற்றி 1895இல் கைந்நூல் எழுதிய ஜே.பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரியே பதிவு செய்துள்ளார். பின்னர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய முத்திசைகளிலிருந்தும் படைகள் அனுப்பப்பட்டன. மன்னார்ப் பக்கமாக வந்த டிறிபேர்க், அக்டோபர் 31ஆம் நாள் அதிகாலையில் கற்சிலைமடுவில் வன்னியனின் படையை எதிர்பாராத வேளையில் தாக்கி முறியடித்தார்.

ஆங்கிலேயரின் ஏடுகளில் இம்மனிதன் ஒரு 'கலகக்காரன்'. அவர்கள் அவனை வெறுத்தனர். ஆயினும் அவன் துணிவைக் குறைத்து எழுதவில்லை. குறைத்து எழுதினால் அவனைத் தோற்கடித்தவரின் பெருமையும் குறைந்துவிடும் என்பதை அவர்கள் அறிவர்.

இனிக் கல்லுக்கு வருவோம். அவ்வெற்றியை நினைவுகூர்ந்து ஆங்கிலேயர் கற்சிலைமடுவில் ஒரு நடுகல் நாட்டினர். இவ்விடத்தை அண்டி 1803 அக்டோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதே அதன் வாசகத்தின் பொருள். வென்றவன் தன் வெற்றிக்கு நாட்டிய கல்லே தோற்றவனின் நினைவிடமாக மாறிய விந்தையை இங்குக் காணலாம். வழிப்போக்கர்கள் கல்லில் முதலாவதாக இருந்த பெயரை மறந்து இரண்டாவதாக இருந்த பெயரையே நினைவில் வைத்துக்கொண்டனர். ஆங்கில அதிகாரிகளின் கற்பனைக்கு எட்டாத விளைவு இது.

ஆனால் அக்கல் 'தோற்கடித்தார்' என்றதேயன்றிக் 'கொன்றார்' என்று கூறவில்லை. இரண்டுக்கும் இடையே எட்டு ஆண்டுகள் உள்ளன. கற்சிலைமடுச் சமரின் பின்னும் பண்டாரவன்னியன் உயிரோடிருந்து, கண்டி எல்லைப் புறத்தில் நின்று ஆங்கிலேயருக்குத் தொல்லை கொடுத்து, 1811ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த மோதலொன்றிற் காயமுற்றுப் பனங்காமத்தில் உயிர் நீத்தான் என்பது ஆவணங்களைத் துருவிய ஆய்வாளரின் முடிபு. மேடையோ அவனைக் கற்சிலைமடுவிலேயே வீழ்த்திவிட்டது. தோல்வியின் நாளே இறப்பின் நாளாயிற்று. தோற்ற தலைவன் எட்டாண்டு காலம் காட்டில் அலைந்து, பழைய நண்பரைத் தேடி, நோயும் பசியும் கண்டு, மீண்டும் சிறு படை திரட்டி வந்தான் என்பது மூன்று மணி நேர நாடகத்துக்கு ஒவ்வாத செய்தி. திரை விழவேண்டிய இடத்தில் தலைவனும் விழவேண்டும் என்பது மேடையின் நியதி.

அம்மேடை மரபு எங்கிருந்து வந்தது என்பதே இவ்வாராய்ச்சியின் முக்கிய வினாவாகும். முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி எனப்படும் வே. சுப்பிரமணியம் எழுதிய 'பண்டாரவன்னியன்' நாடகம் 1960களில் மேடையேறி நூலுருவும் பெற்றது. வன்னிக்கு வெளியே அவ்வீரனின் பெயரைப் பரப்பியதில் அந்நாடகத்துக்குரிய பங்கு பெரிது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் தமிழ் மேடையின் போக்கையே மாற்றிய ஒரு நிகழ்ச்சி தமிழகத்தில் நடந்திருந்தது. 1957இல் சிவாஜி நாடக மன்றத்தினர் சக்தி கிருஷ்ணசாமியின் உரையாடலோடு 'வீரபாண்டிய கட்டபொம்ம'னை மேடையேற்றினர். 1959இல் அது பி.ஆர். பந்துலுவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. 1960இல் கெய்ரோ ஆசிய ஆபிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுக் கொடுத்தது. ஈழத்துப் பாடசாலைகளின் கலைவிழாக்களில் வெள்ளைத்துரையை எதிர்த்து மீசை முறுக்கிய கட்டபொம்மர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. அதன்பின் ஆங்கிலேயரை எதிர்த்த எந்தத் தமிழ் வீரன் மேடைக்கு வந்தாலும், கட்டபொம்மனின் குரலில் பேசாது போனால் சபையோர் அவனை வீரனென்று ஏற்கத் தயங்கியிருப்பர். பண்டாரவன்னியனும் அக்குரலைக் கடன் வாங்கினான். அடுக்குமொழி வந்தது, கொலுமண்டபம் வந்தது, பட்டாடையும் முடியும் வாளும் வந்தன. வன்னிக் காட்டில் வாழ்ந்த தலைவன் பாஞ்சாலங்குறிச்சி அரண்மனையின் வாயில் வழியாகவே மேடையை அடைந்தான்.

இதனை வெறும் போலி எனத் தள்ளிவிடுதல் நியாயமாகாது. இருவரையும் இணைக்கும் வரலாற்று நூலொன்று உண்மையிலேயே உண்டு. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24. பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் முறியடிக்கப்பட்டது 1803 அக்டோபர் 31. ஐந்து ஆண்டு எல்லைக்குள் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் பரம்பரைத் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். 1796 தொடக்கம் இலங்கையின் கரையோரத்தை நிருவகித்தது சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனியே. அதன் வரி முறைமையும் அதனை வசூலிக்க வந்த சென்னை உத்தியோகத்தரும் 1797இல் இங்கும் கலகம் மூளக் காரணமாயினர். பாளையக்காரரையும் வன்னியரையும் நசுக்கியது ஒரே கை. ஆதலின் நாடகாசிரியர்கள் கண்ட ஒற்றுமை முற்றிலும் கற்பனையன்று. பொருந்தாதவை இடைவெளிகளை நிரப்பக் கொணரப்பட்ட பாத்திரங்களே.

அவற்றுள் தலையாயவன் காக்கைவன்னியன். பண்டாரவன்னியனின் தங்கையை மணம் பேசி மறுக்கப்பட்டு, அவ்வஞ்சத்தால் வெள்ளையரோடு சேர்ந்து தன் இனத்தலைவனைக் காட்டிக் கொடுத்தவன் என மேடை இவனைக் காட்டும். கட்டபொம்மன் கதைக்கு எட்டப்பன் எப்படியோ பண்டாரவன்னியன் கதைக்குக் காக்கைவன்னியன் அப்படி. ஆனால் இப்பெயரை வேறோரிடத்திலும் காண்கின்றோம். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, சங்கிலி மன்னனைப் பறங்கியருக்குக் காட்டிக் கொடுத்தவன் பெயரையும் காக்கைவன்னியன் என்றே கூறுகின்றது. யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619இல். கற்சிலைமடுச் சமர் 1803இல். இரண்டுக்குமிடையே நூற்றெண்பத்து நான்கு ஆண்டுகள்! பேராதனையில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை 1956இல் 'சங்கிலி' நாடகத்தை வெளியிட்டபோது யாழ்ப்பாணத்து வீழ்ச்சியின் கதை மீண்டும் பலர் நினைவில் எழுந்திருந்தது என்பதும் இங்கு எண்ணத்தக்கது. காக்கை என்னும் பெயர் தாங்கிய வன்னியர் இருவர் இருந்திருத்தலும் கூடாததன்று. ஆயினும் இரு நூற்றாண்டு இடைவெளியில் இருவரும் ஒரே தொழிலையே செய்தனர் என்பது வரலாற்றினும் பார்க்க நாடகத்துக்கே இயல்பானது. ஒரு கதையில் நடித்து முடித்த வஞ்சகன் வேடங்களையாமலே அடுத்த கதைக்குள் நுழைந்துவிட்டான் என்று கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

கற்சிலைமடுவின் தோல்வியை விளக்க ஒரு துரோகி தேவைதானா? முத்திசையிலும் இருந்து நகர்ந்த பயிற்சி பெற்ற படைகள், விடியுமுன் நிகழ்ந்த திடீர்த் தாக்குதல், துப்பாக்கிக்கு எதிரே பெரும்பாலும் அம்பும் ஈட்டியும் ஏந்திய குடிகள் என்பன போதுமான காரணங்களாகும். எனினும் மக்கள் மனம் அவற்றால் அமைதி அடைவதில்லை. தலைவன் தோற்றான் என்பதை ஏற்பதிலும் அவன் காட்டிக் கொடுக்கப்பட்டான் என்பதை ஏற்பது எளிது. கட்டபொம்மன் கதையிலும் இதுவே நிகழ்ந்தது. அவனைப் பிடித்துக் கம்பனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் தரப்பு. ஆயினும் தமிழில் துரோகத்துக்கு வழங்கும் பெயர் எட்டப்பனுடையதாகவே நிலைத்துவிட்டது. வஞ்சகனைப் படைப்பதால் வீரனின் மானம் காக்கப்படுகின்றது என்பது உண்மை. அதற்கு ஒரு விலையும் உண்டு. தோல்வி நேர்ந்தபோதெல்லாம் தன்னவருள் ஒருவனைத் தேடிக் குற்றஞ்சாட்டும் வழக்கத்துக்கு அது மேடையிலேயே பயிற்சி அளித்துவிடுகின்றது. 'துரோகி' என்னும் அச்சொல் பின்வந்த பத்தாண்டுகளில் வடபுலத்தில் எத்தனை உடல்களின்மீது எழுதப்பட்டது என்பதை அறிந்த தலைமுறை, காக்கைவன்னியன் மேடைக்கு வரும்போது கைதட்டுவதற்கு முன் ஒரு கணம் தயங்குமாயின் அது இயல்பே.

துரோகி நுழைந்த அதே வாயிலால் வேறு சிலர் வெளியேறினர் என்பதும் நோக்கற்பாலது. முல்லைத்தீவு வெற்றிக்குப் பின்புலமாயிருந்த கண்டியின் போரும், நுவரகலாவியத் தலைவர்களோடு வன்னியனுக்கிருந்த உறவும் மேடையில் மங்கிவிட்டன. தனித்து நின்று பொருதவனாகக் காட்டினாலன்றி அவன் வீரம் விளங்காது என நாடக மரபு கருதிற்றுப் போலும். வன்னியும் நுவரகலாவியமும் காட்டினாற் பிரிக்கப்பட்டவை அல்ல; காட்டினால் இணைக்கப்பட்டவை. ஒரே குளப்பண்பாடு, ஒரே வகை வேளாண்மை, வன்னியர் என்னும் அதே பட்டப்பெயர் ஆகியன எல்லையின் இருபுறத்தும் வழங்கின. பண்டாரவன்னியன் தோல்விக்குப் பின் அடைக்கலம் தேடிய திசையும் அதுவே. மொழி வேறான அயலாரோடு சேர்ந்து வெள்ளையரை எதிர்த்த தலைவன் என்னும் உருவம் 1960களின் ஈழத்து அரசியற் சூழலில் எவருக்கும் வசதியாக இருக்கவில்லை. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின்னர் எழுந்த தலைமுறையினர் வேண்டியது வேறொரு பண்டாரவன்னியனை. அவர்களுக்கு அவன் கிடைத்தான்.

குருவிச்சி நாச்சியார் பற்றிய காதற் கதை இம்மரபின் மற்றொரு கூறு. வாய்மொழி வழக்கில் வேரூன்றிய அப்பெண்ணைப்பற்றி விரிவாக எழுத இங்கு இடமில்லை. வன்னிச்சி எனப்பட்ட பெண் தலைவர்கள் ஒல்லாந்தர் காலத்தில் உண்மையிலேயே ஆண்டுள்ளனர் என்பதையும், அப்பெண்டிரை விட்டுவிட்டு மேடை காதலியரை நாடியது என்பதையும் மட்டும் குறிப்பிடலாம்.

1991இல் மு. கருணாநிதியின் 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' வெளிவந்தபோது வீரன் மூன்றாம் முறையாக உடல் மாறினான். இம்முறை அவன் கடல் கடந்து சென்று திரும்பினான். தமிழக வாசகருக்காக எழுதப்பட்ட அந்நாவலின் தலைப்பிலேயே 'பண்டார' என்பது 'பண்டாரக' ஆயிற்று. முன்னே புலி ஒன்றும் சேர்ந்துகொண்டது. 1991இல் அச்சொல் தமிழகத்திலும் ஈழத்திலும் என்ன பொருள் தந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. நாவலாசிரியர் 1803ஐ எழுதினார். வாசகர் தம் காலத்தைப் படித்தனர். கலைத்திறன் நோக்கில் முல்லைமணியின் நாடகத்தினும் இது பரந்தது. ஆனால் நிலத்தின் மணம் நாடகத்திலேயே மிகுதி. முள்ளியவளையில் வாழ்ந்தவருக்குத் தெரிந்த குளக்கட்டும் பாலைமரமும் சென்னையிலிருந்து எழுதுபவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வவுனியா நகரில் மாவட்டச் செயலகத்தின் அருகே நிற்கும் சிலையும் மேடை தந்த உருவத்தையே கொண்டது. அவனை நேரிற் கண்டு வரைந்த ஓவியம் எதுவும் கிடைக்காத நிலையில் சிற்பிக்கு வேறு வழியும் இருந்திருக்காது. கையில் வாளோடு நிற்கும் அவ்வுருவத்தின் கீழ் ஆண்டுதோறும் மாலை அணிவிக்கப்படுகின்றது. எந்நாளில் என்பதிலேயே ஒரு செய்தி உண்டு. ஒரு காலத்தில் கல்லிற் பொறித்த அக்டோபர் 31ஐயே பலர் அவனது நினைவு நாளாகக் கருதினர். அது ஆங்கிலேயர் குறித்துக் கொடுத்த நாள். அவர்களது வெற்றியின் நாள். பின்னர் முல்லைத்தீவுக் காவலரண் வீழ்ந்த ஆகஸ்ட் 25ஆம் நாள் அவ்விடத்தைப் பெற்றது. வவுனியாவிலும் முல்லைத்தீவுப் பக்கத்திலும் விழா எடுப்போர் இன்று கூடுவது பெரும்பாலும் அந்நாளிலேயே. தோற்ற நாளிலிருந்து வென்ற நாளுக்கு மாறியதன் மூலம் வீரன் மீண்டும் ஒருமுறை புத்துருப் பெற்றுள்ளான். ஆனால் விழா மேடைகளில் அவன் இன்னும் கற்சிலைமடுவிலேயே இறக்கின்றான். காக்கைவன்னியன் இன்னும் காட்டிக் கொடுக்கின்றான். 1803க்கும் 1811க்கும் இடைப்பட்ட எட்டாண்டுகளில் படையிழந்து, நிலமிழந்து, அயலாரின் காட்டில் அடைக்கலம் புகுந்தும் பணியாதிருந்த அந்த முதிய வன்னியனுக்கு உரிய நடிகர் இனித்தான் வரவேண்டும்.